உப்புத் தண்ணீரில் கழுவிய கல்யாணம்

பாதி படித்தவனை வீட்டில் வைத்திருப்பது அபாயம். படிக்காதவன் எனக்குத் தெரியாதப்பா என்று ஒதுங்கிக்கொள்வான். நன்றாகப் படித்தவன் நாலும் யோசித்துவிட்டுச் சும்மா இருப்பான். புதிதாக ஆராய்ச்சியில் சேர்ந்த மாணவன் இருக்கிறானே, அவன் கையில் ஒரு கண்ணாடிக் குழாயும் கொஞ்சம் தன்னம்பிக்கையும் கிடைத்தால் போதும், வீட்டில் ஏதாவது ஒன்று நாசமாகும். எங்கள் வீட்டில் நாசமானது அக்காவின் கல்யாணம். (கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது. நடந்தது என்பதற்கான சாட்சிதான் நாசமானது.)

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. சித்தூரில் எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்பக்கம் ஸ்டூடியோ, பின்பக்கம் வீடு, நடுவில் இருட்டறை. பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்து குரூப் படம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து புதுச்சட்டையோடு வரும் குடும்பங்கள் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் திருப்பதியில் ரசாயன ஆராய்ச்சி மாணவன். சனிக்கிழமை தோறும் அழுக்குத் துணியையும் புதிதாகக் கற்ற அறிவையும் ஒரே பையில் அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். துணியை எஸ்தர் அக்கா துவைத்துவிடுவாள். அறிவைத்தான் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

உலோக அயனிகளைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் பிசின்கள்: இதுதான் என் ஆராய்ச்சித் தலைப்பு. பிசின் என்றால் வேப்பம்பிசின் இல்லை. கடுகு அளவில், தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். அவற்றைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி மேலே கரைசலை ஊற்றினால், தங்களுக்குப் பிடித்த அயனியை உள்ளே இழுத்துக்கொண்டு, ஏற்கெனவே வைத்திருந்ததை வெளியே விட்டுவிடும். ரேணிகுண்டா ஜங்ஷனில் ரிசர்வ் செய்தவர் ஏறியதும் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போவதில்லையா, அந்த மாதிரி. கலந்து கிடக்கும் நாலைந்து உலோகங்களில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கும் அந்தக் குணத்துக்கு ‘செலக்டிவ்’ என்று பெயர். அந்த ஒரு சொல்லை நான் அந்த வருஷம் உபயோகித்த மாதிரி வேறு யாரும் உபயோகித்திருக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் வீட்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. வேலூருக்குக் கூட்டிப்போனோம். அறுத்துப் பார்த்தார்கள், மூடித் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எஸ்தர் அக்காவின் கல்யாணம் திடீரென்று அவசரமாகிவிட்டது. ஏன் அவசரம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளை டேனியலுக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. நல்ல மனிதர். எதுவும் கேட்காமல் சீக்கிரமாக ஒரு தேதிக்குச் சம்மதித்தார்.

ஊர் முழுக்கப் படம் எடுத்த மனிதரின் மனைவிக்குச் சொல்லிக்கொள்ள ஒரு படம் கிடையாது. “எனக்கெதுக்கு, ஃபிலிம் தண்டம்” என்று எழுந்து போய்விடுவாள் அம்மா. அவளுடைய கல்யாணப் படம் ஒன்று உண்டு. அதிலும் தலை குனிந்து, முக்காட்டுக்குள் மூக்கு மட்டும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அக்காவிடம் அவளாகவே சொன்னாள்:

“ஒன் கல்யாணத்துல ஒன் பக்கத்துல நின்னு ஒண்ணு எடுத்துக்கறேன். அத ஒன் வூட்ல மாட்டு.”

அக்கா தலையாட்டினாள்.

எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. என்னிடம் இருந்தது ரசாயனம் ஒன்றுதான். ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது. வெளிச்சம் பட்ட இடத்து வெள்ளி படமாக நிற்கும். படாத இடத்து வெள்ளியை ஹைப்போ என்ற கரைசல் கரைத்து எடுத்துவிடும். ஹைப்போவில் சரியாகக் கழுவாத ஃபிலிம் வெளிச்சத்தில் கறுத்து வீணாகும். இதற்கு மேல் இந்தக் கதைக்கு ரசாயனம் தேவையில்லை. (எனக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை என்பது பிறகு வெளியானது.) உபயோகித்த ஹைப்போவை நைனா சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சாக்கடையில் வெள்ளி ஓடுகிறது! அதைப் பிசினில் பிடித்து, உருக்கி, கோயிலில் (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) கல்யாண மோதிரம் வைக்க ஒரு சின்ன வெள்ளித்தட்டு செய்து கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

வெள்ளியைப் பிடிக்கும் பிசினை ஒரு பாட்டிலில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு திருப்பதியில் பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் பாட்டிலையே பார்த்தார்.

“ஏமி ஸார் அதி, ஆவாலா?” கடுகா என்கிறார்.

“காது. ரெசின்.” இல்லை, பிசின் என்றேன்.

“தினச்சா?” தின்னலாமா என்று அடுத்த கேள்வி.

வெள்ளியைப் பிடிக்கும் என்று விளக்கினேன். பக்கத்து சீட்டு அம்மாள் தன் காலில் இருந்த மெட்டியைப் பார்த்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் இருட்டறை மூலையில் குழாயை நிறுத்தி, பழைய ஹைப்போவைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். தேன் நிற மணிகள் மேலிருந்து சாம்பல் நிறமாக மாறிக்கொண்டு வந்தன. அந்த அழகைப் பார்க்க அம்மாவைக்கூடக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினேன். பிறகு மணிகளை உலர்த்தி, கொல்லையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இரும்புச் சட்டி வைத்துப் பொசுக்கினேன். இந்த வகைப் பிசினைக் கொளுத்தினால் கருவாட்டு வாடை வரும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. சாதாரணக் கருவாடு இல்லை. மழையில் நனைந்து, வண்டியில் ஊர் ஊராகப் போய், யாரும் வாங்காமல் திரும்பி வந்த கருவாடு. பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“இன்னாம்மா, பெரிய ஜாதி கருவாடா துன்னுறீங்க?”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வேலூரிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “டேய் சாமு, அத அணைடா. தையல் பிரிஞ்சிடும்டா” என்று சிரித்தாள். நான் உடனே அணைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாம்பலைப் பஜாரில் ஒரு பத்தர் உருக்கிக் கொடுத்தார். மிளகு அளவில் ஒரு உருண்டை வந்தது. அம்மா அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “தட்டு ஆவறதுக்கு எத்தினி நாள் வளரணும்?” என்று கேட்டாள்.

தட்டு போனால் போகட்டும், குழாயின் அடியில் இறங்கிய கரைசல் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வெள்ளி நீங்கிய ஹைப்போ புது ஹைப்போ தானே? அதைக் கொட்டாமல் நைனாவின் பழுப்பு பாட்டிலிலேயே நிரப்பி வைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் நைனா கேட்டார்:

“ஹைப்போ தீந்துடுச்சே. கீதாடா?”

“நான் சுத்தம் பண்ணது கீது நைனா. புதுசு மாதிரி.”

“அதுல போட்டா வேல செய்யுமா?”

“நைனா, இது செலக்டிவ். வெள்ளிய மட்டும்தான் புடிக்கும். மத்தது அப்படியே எறங்கிடும்.”

அவர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஹைப்போவுக்கே உரிய புளித்த வாடை இருந்தது. “வாசன சரியாத்தான் கீது” என்று மூடி வைத்தார்.

கல்யாணம் காலையில். படம் எடுக்க வேறு ஆளை வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னோம். “எம் பொண்ணுக்கு நான் எடுக்காம?” என்று நைனா காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அம்மாவை ரிக்ஷாவில் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிவந்தோம். நீலப் பட்டுப்புடவை உடம்பில் நிற்காமல் நாலு இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. எனக்குப் பந்திப் பொறுப்பு. ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவுக்குக் காவலாகப் போய்விட்டேன். வாசலில் அம்மாவும் அக்காவும் நின்று படம் எடுத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார், நகரியிலிருந்து வந்த அவருடைய பெரியப்பா தலைமையில், “ஊருக்குப் போறதுக்குள்ள ஃபிலிமையாவது கண்ணால பாத்துட்டுப் போறோம்” என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்துவிட்டார்கள். நைனா அவசர அவசரமாக இருட்டறைக்குள் போய் இரண்டு ஃபிலிம் சுருளையும் கழுவினார். சீக்கிரம் காயட்டும் என்று கொல்லையில் துணிக்கொடியில் வெயிலில் மாட்டினார். பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பாத்திரங்களை ஒப்படைத்துவிட்டு நான் வீடு வந்தபோது நன்றாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் இரண்டு பட்டைகள் தொங்கின. கருநீலமும் சாக்லேட்டும் கலந்த ஒரு நிறம். காற்றில் ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

“நைனா, இது இன்னா?”

“காயுதுடா. கை வெக்காத.”

“கழுவிட்டு எடுக்கும்போது எப்படி இருந்துச்சு?”

“எப்பவும் போலத்தான்.”

எப்பவும் போல இருந்திருக்க முடியாது. ஹைப்போ வேலை செய்யாத ஃபிலிம் தயிரைப் பூசின மாதிரி வெள்ளையாக இருக்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே யாருக்கும் தெரிந்துவிடும். அப்போதே பார்த்திருந்தால் வேறு ஹைப்போவில் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். நான் இருட்டறைக்கு ஓடி, பழுப்பு பாட்டிலில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சமையல் உப்பு போட்ட தண்ணீர்.

நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்தது. வெள்ளி தனியாகக் கரைந்திருப்பதில்லை, ஹைப்போவோடு கட்டிப்பிடித்துக்கொண்டுதான் கரைந்திருக்கும். என் மணிகளுக்கு அந்த ஜோடியை அதிகம் பிடிக்கும். வெறும் ஹைப்போவையும் பிடிக்காமல் இல்லை. புதிதாக நிரப்பிய குழாய் பசியோடு இருந்தது. வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, தன்னிடம் இருந்த குளோரைடைத் திருப்பிக் கொடுத்தது. அது சோடியத்தோடு சேர்ந்தால் உப்பு. புளித்த வாடை மட்டும் எதிலும் மாட்டாமல் இறங்கி வந்திருக்கிறது. என் அக்காவின் கல்யாணத்தை நான் ரசம் வைக்கிற தண்ணீரில் கழுவக் கொடுத்திருந்தேன்.

திரும்பி வந்து ஃபிலிமைக் கழற்றி நைனாவின் கையில் கொடுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் விளிம்பை விரலால் தடவினார். முகத்துக்கு நேராகப் பிடித்தார். வெயில் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகக் கேட்டார்:

“இன்னா கலர்ல கீது?”

நான் அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“எப்போலருந்து நைனா?”

“போன வருஷம் ஒரு கண்ணு. இப்போ இதுவும் பொகையா கீது.”

“ஏன் சொல்லல?”

“ஒங்க அம்மாவ வேலூருக்கு இட்டுக்கினு போறதா, என் கண்ண இட்டுக்கினு போறதா?”

ஸ்டூடியோவில் நாற்காலிக்கும் காமிராவுக்கும் தரையில் கோடு கிழித்து வைத்திருந்தார். தூரம் மாறாது, லென்ஸைத் திருப்பவே வேண்டாம். இருட்டறையில் யாருக்குமே கண் தெரியாது. அங்கே அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. அப்படியே ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்.

“அம்மாக்குச் சொல்லாத” என்றார். “அதயும் சேத்து நெனச்சுக்கினு படுத்துக்கும்.”

நான் எழுந்து உள்ளே போனேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். பாட்டிலில் நான் வைத்த உப்புத் தண்ணீரால் படம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னேன். நைனா கையில் தெரியாமல் கொடுத்துவிட்டேன், எந்தக் கில்லாடியாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அழுத்திச் சொன்னேன். நகரிப் பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்போ திருப்பதில நீ இன்னாதான்பா படிக்கிற? உப்புக் காச்சவா?”

முதலில் சிரித்தது எஸ்தர் அக்கா. கல்யாணப் புடவையோடு, கண்ணில் தண்ணீர் வர, விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு பெரிய மனசு என் அக்காவுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா கட்டிலில் இருந்து கை காட்டி என்னை அழைத்தாள்.

“போனா போவுது. எலும்பும் தோலுமா நின்னிருப்பேன். அத எவன் பாக்கறது?” என்றாள். பிறகு, “நீ துன்னியா?” என்றாள்.

நான் சாப்பிட்டிருக்கவில்லை. அண்டாவில் அடி ஒட்டியதும் தீர்ந்திருந்தது.

சாயந்திரம் இன்னொரு ஸ்டூடியோவில் நிஜமான ஹைப்போ வாங்கிவந்து, இரண்டு ஃபிலிமையும் மறுபடி போட்டேன். எல்லாம் கரி. காற்றில் ஒட்டிக்கொண்ட இடத்தில் மட்டும், ஒன்றின் நிழலில் இன்னொன்று வெயில் படாமல் தப்பித்திருந்தது. தபால்தலை அளவுக்கு ஒரு மூலை. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்காவின் தோள். அதன் மேல் அம்மாவின் கை. விரல்களுக்கு இடையில் கைக்குட்டையின் நுனி. அவ்வளவுதான்.

படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. “உப்புத் தண்ணி பண்ண வேல” என்றார்கள் எல்லோரும். நானும் ஆமாம் என்றேன். உப்புத் தண்ணீருக்குப் படத்தைக் கறுக்க வைக்கத் தெரியும், கலங்க வைக்கத் தெரியாது. அது லென்ஸ் சரியாகத் திருப்பப்படாததால் வருவது. கோயில் வாசலில் யாரும் தரையில் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. நான் நல்ல ஹைப்போ கொடுத்திருந்தாலும் அம்மாவின் முகம் தெளிவாக வந்திருக்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை யாரிடம் சொல்வது?

மறுவாரம் வேறு ஆளை வைத்து எடுத்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தோம். கல்யாணத்தன்று நின்றதுதான் அம்மா கடைசியாக நின்றது. படுத்திருப்பவளைப் படம் எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா இல்லை.

நைனா ஸ்டூடியோவை மூடினார். “பையன் படிச்சிட்டான், இனிமே எனக்கு இன்னா” என்று ஊருக்குக் காரணம் சொன்னார். பிறகு ஆபரேஷன் செய்து ஒரு கண் ஓரளவுக்குத் திரும்பியது. கனத்த கண்ணாடியோடு பேரப்பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். காமிராவை மட்டும் தொடவில்லை.

ரேணிகுண்டாவில் அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தக் கை மட்டும் சட்டம் போட்டுத் தொங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். “அதுவா? எங்க தம்பி டாக்டர் பட்டம் வாங்குன போட்டோ” என்று ஆரம்பிப்பாள். கருவாட்டு வாடை, மிளகு அளவு வெள்ளி, நகரிப் பெரியப்பா எல்லாம் வரிசையாக வரும். நான் கல்யாணம் செய்துகொண்டபோது என் மனைவிக்கு முதல் நாளே சொல்லப்பட்டது. என் பிள்ளைகள் சாப்பாட்டில் உப்பு அதிகமானால், “அப்பா கழுவுனதா?” என்று கேட்பார்கள். நைனாவும் கூடவே உட்கார்ந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். எங்கள் இரண்டு பேருக்குள்தான் அந்த விஷயம் இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நைனா இறந்த வருஷத்தில், அவர் நினைவுக்காக அக்கா வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் வைத்தோம். கூட்டம் முடிந்து சமையலறையில் நான் தட்டுகளை எடுத்துக் கொடுக்க, அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். இனி மறைக்க ஆள் இல்லையே என்று நைனாவின் கண் விஷயத்தைச் சொன்னேன். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

“அந்தப் படம் எடுக்கச்ச நீ எங்க இருந்த?”

“பிரியாணி அண்டாகிட்ட.”

“அதான். நைனா எங்க முன்னாடி வந்து, எம் மொகத்தத் தொட்டுப் பாத்துட்டு, அடி எண்ணிக்கினு பின்னால போனாரு. அப்பவும் காமிராவ எங்கியோ காட்டிக்கினு நின்னாரு. அம்மாதான், ‘இன்னாங்க, இங்க கீறோம், இங்க கீறோம்’னு கொரல் குடுத்துக்கினே இருந்துச்சு. அந்தக் கொரலப் புடிச்சிக்கினுதான் எடுத்தாரு. எல்லாரும் வெளையாட்டுன்னு நெனச்சு சிரிச்சாங்க.”

எடுத்த தட்டைத் திரும்பவும் கீழே வைத்தேன்.

“அப்போ அம்மாக்கு…”

“தெரியும். தனக்குத் தெரியும்னு நைனாவுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. நீ வந்து உப்புத் தண்ணின்னு சொன்னியா, இனி நைனா கண்ணப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்கன்னு எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு. அதான் விடாம சொல்லிக்கினு கீறேன்.”

அந்த நேரம் கூடத்திலிருந்து யாரோ புதிதாக வந்தவர், “அக்கா, இது யாரு கை?” என்று கேட்டார். எஸ்தர் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். “அதுவா?” என்று அவள் குரல் கேட்டது. சிரிப்பு வரும் இடம் எனக்கு மனப்பாடம். காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று வேகமாக நடந்தேன்.